இழுப்பும் இதயமும்

(பல்லாவரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இழுப்பும் இதயமும். ஆஸ்துமாக்காரர் தன் இதயத்தைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்? இதய நோயாளிக்கு ஏன் இழுப்பு வருகிறது? நுரையீரலுக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர் என்று இரண்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறோமே, அந்த இரண்டு ஃபைலையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன்.

பல்லாவரத்தில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1863-ஆம் ஆண்டு மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இந்த ஊர் மண்ணிலிருந்து ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வுக்கு அதுதான் தொடக்கம். அப்படிக் கல்லால் பெயர் பெற்ற ஊர் பிறகு கல் உடைக்கும் ஊரானது. திரிசூலம் மலையைச் சுற்றிக் குவாரிகள் வந்தன. நாகல்கேணியில் தோல் பதனிடும் ஆலைகள் வந்தன. ஜி.எஸ்.டி. சாலை அகன்றது, ரேடியல் சாலை வந்தது, மேலே விமானம், கீழே லாரி. இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் மூச்சில் இத்தனையும் கலந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போனால் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அதைத் தொடங்கினார். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர் அவர். நம் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர். காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். அந்த நல்ல காற்று கிடைக்கும் இடமென்று அவர் தேடிப் பிடித்தது நம்முடைய தாம்பரத்தை! 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று நெஞ்சுநோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனையாக நிற்கிறது. காற்றுக்காக நம்மைத் தேடி வந்தவர்கள் ஒரு தலைமுறை. காற்றால் நோயாகி அதே வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள் இன்னொரு தலைமுறை.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

அனகாபுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை ஒருநாள் விடியற்காலையில் ஆட்டோவில் என்னிடம் கூட்டி வந்தார்கள். காலமெல்லாம் தறியில் உட்கார்ந்தவர். "பழைய இழுப்புதான் டாக்டர், பம்ப் அடிச்சும் கேக்கல" என்றார் மகன். ராத்திரி முழுக்கப் பெரியவர் படுக்கவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறார். அதுவும் முடியாமல் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மனைவி நெஞ்சில் தைலம் தேய்த்திருக்கிறார். இன்ஹேலரை எத்தனை முறை அடித்தோம் என்று வீட்டில் யாருக்கும் கணக்கில்லை.

நான் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் அங்கே குழி அப்படியே நின்றது. ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் அடிப்பக்கத்தில் வைத்தால், மூச்சு விடும்போது கேட்கிற விசில் சத்தத்தோடு, மூச்சு இழுக்கும்போது பொடிப்பொடியாக வெடிக்கிற சத்தமும் கேட்டது. சர்க்கரை நெடுநாளாக உண்டு. ரத்த அழுத்தத்தைப் பார்த்தால் மேலே மேலே ஏறி நின்றது. எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடப்பக்கம் பாதி பலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தது. நீர் பிரிய ஊசி போட்டு, ஆக்சிஜன் கொடுத்து, அழுத்தத்தை இறக்கினோம். மதியத்துக்குள் மனிதர் சாய்ந்து படுத்துத் தூங்கிவிட்டார்.

அன்று அவருக்கு வந்தது ஆஸ்துமாவா? இல்லை. இதயம் பலவீனமானதால் வந்த இழுப்பு. மருத்துவர்கள் இதை இதய ஆஸ்துமா என்பார்கள். எப்படி வருகிறது? நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி உடம்புக்கெல்லாம் தள்ளுவது இதயத்தின் இடப்பக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அந்த வழியாகப் போகிறது. பல்லாவரம் சந்தை கூடும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே வண்டி நகரவில்லை என்றால் குரோம்பேட்டை வரை வரிசை நிற்கிறதல்லவா? இடப்பக்க இதயம் தள்ளவில்லை என்றால் ரத்தமும் அப்படித்தான் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. தேங்கிய ரத்தத்திலிருந்து நீர் கசிகிறது. மூச்சுக்குழாய்களின் சுவர் ஊறிக் குறுகுகிறது. குறுகிய குழாயில் காற்று போனால் விசில்தானே அடிக்கும்?

எல்லா விசிலும் ஆஸ்துமா இல்லை என்று சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ளவர், தூசு பட்டால் தும்முகிறவர், மழைக்காலத்தில் அவதிப்படுகிறவர் என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஐம்பது வயது வரை ஒரு தொல்லையும் இல்லாமல் இருந்து, திடீரென்று ராத்திரியில் இழுக்கிறதா? படுத்தால் அதிகமாகி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறதா? கால் வீங்குகிறதா? சளியில் இளஞ்சிவப்பாக நுரை வருகிறதா? இதயத்தைப் பாருங்கள். ஈசிஜி எடுங்கள், எக்கோ எடுங்கள். பல வருடமாக பீடி புகைத்தவருக்கும், விறகடுப்புப் புகையில் வெந்த தாய்மார்களுக்கும் வருவது பெரும்பாலும் சிஓபிடி என்ற வேறொரு நோய். அது முற்றினால் இதயத்தின் வலப்பக்கத்தையும் களைக்கச் செய்துவிடும். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை இந்த நோய்களைப் பிரித்துக் காட்ட உதவும். ஊதாமலேயே, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து, வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இதுவரை சொன்னது, இதய நோய் ஆஸ்துமா வேஷம் போடும் கதை. இனி இதைத் திருப்பிப் போட்டுக் கேட்போம். உண்மையான ஆஸ்துமாவே இருக்கிறது. அது இதயத்தைத் தொடுமா?

நான் மருத்துவம் படித்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆஸ்துமா மூச்சுக்குழாய் சம்பந்தப்பட்டது, அதோடு முடிந்தது. இன்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு ஊர்களில், இதய நோய் இல்லாத 6,792 பேரைச் சேர்த்துக்கொண்டு சுமார் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. நாள்தோறும் மருந்து தேவைப்படும் அளவுக்கு ஆஸ்துமா நிலைத்துவிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் அபாயம், ஆஸ்துமா இல்லாதவர்களைவிட சுமார் 1.6 மடங்கு. அதே ஆய்வுக் கூட்டத்தினரின் கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்து பார்த்த முடிவு 2022-இல் வெளியானது. நிலைத்த ஆஸ்துமா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கொழுப்புப் படிவு இருந்தது. ஆஸ்துமா இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. நார்வே நாட்டில் 50,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பின்தொடர்ந்து 2018-இல் ஒரு முடிவு சொன்னார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடுதல். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் கூடுதல்.

தாய்மார்களே, பதறாதீர்கள். எப்போதாவது மழைக்காலத்தில் மட்டும் இழுப்பு வருகிறவர்களின் கழுத்துக் குழாயும், ஆஸ்துமாவே இல்லாதவர்களின் கழுத்துக் குழாயும் அந்த ஆய்வில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவையெல்லாம் இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று காட்டும் ஆய்வுகள். ஆஸ்துமாதான் மாரடைப்பை உண்டாக்கியது என்று நிரூபித்தவை இல்லை. ஆஸ்துமாக்காரர் நடக்கப் பயந்து உட்கார்ந்தே இருந்து எடை கூடியிருக்கலாம். இழுப்பு அடிக்கடி வந்து ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி, அதனால் சர்க்கரையும் அழுத்தமும் ஏறியிருக்கலாம். வயது, புகைபிடித்தல், எடை இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் ஒரு தொடர்பு மிச்சம் நிற்கிறது. அதனால்தான் மருத்துவ உலகம் காது கொடுக்கிறது.

அந்த மிச்சத்துக்கு என்ன காரணம் சொல்கிறார்கள்? அழற்சி. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் சிவந்து வீங்கிக் கிடக்கிறது. இழுப்பு இல்லாத நாளிலும் அது முழுசாக அடங்குவதில்லை. ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதையும் நாம் வெறும் எண்ணெய்க் கசடு என்று நினைக்கிறோம். அங்கேயும் அழற்சிதான் வேலை செய்கிறது. அழற்சியைக் குறைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தால், கொழுப்பைத் தொடாமலேயே மாரடைப்பு குறைகிறது என்று 2017-இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. ஓரிடத்தில் வருடக்கணக்காக நிற்கும் அழற்சி, ரத்தத்தில் கலந்து இன்னோரிடத்தையும் தொந்தரவு செய்யக்கூடும் என்பதுதான் இன்றைய சிந்தனை. என்னைக் கேட்டால் நான் நம்புகிறேன். முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏனென்றால் ஆஸ்துமாவை நன்றாகக் கட்டுக்குள் வைப்பது எப்படியும் செய்ய வேண்டிய காரியம்.

செய்கிறோமா? இங்கேதான் என் நெஞ்சு கொதிக்கிறது. உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆஸ்துமாவால் சாகிறவர்களில் இந்தியர்கள் சுமார் 42 சதவீதம்! நோயாளிகளில் எட்டில் ஒருவர் இந்தியர், சாகிறவர்களில் ஐந்தில் இருவர் இந்தியர். இந்தக் கணக்கு ஏன் இப்படிக் கோணுகிறது? நம் நோய் கொடுமையானதா? நம் உடம்பு பலவீனமானதா? இரண்டும் இல்லை. தடுப்பு இன்ஹேலரை நாம் எடுப்பதில்லை.

குழந்தைக்கு வீசிங் என்று டாக்டர் சொன்னால், "ஆஸ்துமான்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர், பொண்ணு" என்று அம்மா கண்கலங்குகிறார். 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று குழந்தைக் காசநோயின் பெயரைச் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பழகாது. பல் தேய்ப்பதை யாராவது பழக்கமாகிவிடும் என்று நிறுத்துகிறோமா? குறைந்த அளவு ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரை என்றால் மில்லிகிராம் கணக்கு, உடம்பு முழுக்கச் சுற்றும். பயந்து இன்ஹேலரை விட்டவர்தான் கடைசியில் மாத்திரைக்கும் ஊசிக்கும் போகிறார். சர்க்கரை, அழுத்தம், எடை என்று இதயத்துக்கு ஆகாத மூன்றும் அந்த வழியில்தான் ஏறுகின்றன.

உடனே மூச்சை விடுவிக்கும் இன்னொரு இன்ஹேலர் இருக்கிறது. சால்புட்டமால். அடித்த சில நிமிடத்தில் மார்பு லேசாகும். அதனால்தான் அதன்மேல் நமக்கு அவ்வளவு பிரியம். ஆனால் அது அழற்சியைத் தொடுவதே இல்லை. அதிகமாக அடித்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் இதயத்துடிப்பு தடுமாறலாம். தியோபிலின் மாத்திரைக்கும் இதே ஆபத்து உண்டு. பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அதைக் கடையில் சீட்டு இல்லாமல் பத்துப் பத்தாக வாங்கிப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு தெளிவாகச் சொல்லிவிட்டது: வெறும் சால்புட்டமாலை மட்டும் நம்பி வைத்தியம் செய்யக் கூடாது. ஒரு டப்பாவில் 200 முறை அடிக்கலாம். வருடத்துக்கு மூன்று டப்பா தீர்கிறது என்றாலே எச்சரிக்கை. மாதம் ஒன்று தீர்கிறது என்றால் அது உயிருக்கே ஆபத்து என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. இங்கே எத்தனை பேர் வீட்டில் மாதம் ஒன்று தீர்கிறது? கை தூக்க வேண்டாம். மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இரண்டு ஃபைல் கதைக்கு வருவோம்.

ஆஸ்துமா கட்டுக்குள் இருந்த ஒரு அம்மாவுக்குத் திடீரென்று இழுப்பு கூடிக்கொண்டே போனது. மருந்தை ஏற்றினேன், கேட்கவில்லை. வீட்டில் பூனை இல்லை, புது பெயின்ட் இல்லை, ஊதுபத்தி இல்லை. "வீட்ல இருக்கிற மருந்து அத்தனையும் கொண்டாங்க அம்மா" என்றேன். துணிப்பையைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கண் சொட்டு மருந்து. கண்ணில் நீர் அழுத்தம் என்று புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார். டிமோலால். அது ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க்குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலக்கும்; ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்கும். கண் டாக்டரிடம் ஆஸ்துமா பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். "கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லல டாக்டர்" என்றார். கண் மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றினோம். இழுப்பு அடங்கியது.

ஒரு சொட்டுக்கே இந்தக் கதை என்றால் மாத்திரைக்கு என்ன சொல்வது? புரொப்ரனலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர் மாத்திரைகளைப் படபடப்புக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், கை நடுக்கத்துக்கும்கூடக் கொடுக்கிறார்கள். ஆஸ்துமாக்காரருக்கு அவை ஆகாது. இதயத்தையே குறிவைக்கும் மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்றவற்றை, கண்டிப்பாகத் தேவை என்றால், மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த அளவில் தொடங்கலாம். இன்று இங்கே கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் இதய மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். டாக்டரிடம் போய்க் கேளுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

ஆஸ்பிரினும் அப்படித்தான். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சிலருக்கு, முக்கியமாக மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிட்டால் ஓரிரு மணி நேரத்தில் கடும் இழுப்பு வரும். 2023-இல் நம் அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். அருமையான திட்டம், பலருடைய உயிரைக் காக்கும் திட்டம். உங்களுக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது என்றால் அந்தப் பதற்றத்திலும் அதைச் சொல்ல வேண்டும். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால்? அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில், செல்போன் உறையில் வையுங்கள். மாறாக, முன்பு ஆஸ்பிரின் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள், ஆஸ்துமா இருக்கிறதே என்று பயந்து அதை மறுக்க வேண்டியதில்லை.

அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதை ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் இருமல் டானிக் குடிப்பவர்கள் உண்டு. மாத்திரையை மாற்றினால் போதும்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக வரலாம். மற்றவர்கள் அதை வாயு என்று சோடா குடித்துக் கழிக்கிறார்கள். ஆஸ்துமாக்காரர் பம்ப் அடித்துக் கழிக்கிறார். வழக்கமான இழுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இது அப்படி இல்லை என்று தோன்றினால், வியர்த்துக் கொட்டினால், தாடையோ இடது கையோ கனத்தால், பம்ப் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால், 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

காற்றைப் பற்றிப் பேசாமல் பல்லாவரத்தில் பேச்சை முடிக்க முடியாது. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரை நிலக்கரிப் புகை ஐந்து நாள் மூடியது. அப்போது சொன்ன கணக்கே 4,000 சாவு. பிறகு ஆராய்ந்தவர்கள் 12,000 வரை என்றார்கள். நுரையீரல் நோயாளிகளோடு இதய நோயாளிகளும் கொத்துக்கொத்தாகப் போனார்கள். பிஎம் 2.5 என்கிறோமே, அந்த நுண்துகள் மூச்சுக்குழாயைக் கடந்து ரத்தத்துக்கே போகிறது. ஆஸ்துமாவைக் கிளறுவதும் அதே துகள், ரத்தக்குழாயைப் புண்ணாக்குவதும் அதே துகள். ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் நாட்டுச் சட்டம் 40 வரை விடுகிறது. 2018 போகிப் பண்டிகையன்று காலையில் என்ன நடந்தது? புகைமூட்டத்தில் பக்கத்து மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியவில்லை. விமானம் வேறு ஊருக்குப் போய் இறங்கலாம். நம் தெருவில் படுத்திருக்கும் பாட்டி எங்கே போவார்? டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதைப் பண்டிகை என்று சொல்லாதீர்கள். பெரிய ஏரிக்கரையில் குப்பை எரிந்தால் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். ஒருமுறை கொடுத்து ஓயாதீர்கள், எரியும் ஒவ்வொரு நாளும் கொடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய ஆஸ்துமாக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் தாராளமாக நடங்கள்; நடையால் மூச்சும் கெடாது, இதயமும் கெடாது. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும்கூட, மருந்துப் பையை முழுசாக எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்களில் பலரை இன்ஹேலரைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இன்ஹேலர் வைத்திருப்பவர்களில் பலருக்கும் அதைச் சரியாக அடிக்கத் தெரியாது. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழலும், வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் அங்கே இருக்கின்றன. பெரியவர்கள் முதலில் வாருங்கள். ஒவ்வொருவரும் என் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.